கல்லீரலின் இறுக்கத்தை அளக்க ஒரு மூச்சு போதும்

நலமான கல்லீரல் மெத்தென்று இருக்கும். மது, கொழுப்பு, ஹெபடைடிஸ் பி, சி வைரஸ்கள் என எது தொடர்ந்து தாக்கினாலும், உள்ளே வடுத்திசு படிந்து கல்லீரல் இறுகத் தொடங்கும். வலியே இல்லாமல் ஆண்டுக்கணக்கில் இது நடக்கும், முற்றினால் சிரோசிஸ். ஆரம்பத்திலேயே கண்டறிந்து காரணத்தை நிறுத்தினால் வடு குறையவும் வாய்ப்புண்டு. ஆனால், ஊசி குத்தித் துணுக்கெடுக்கும் பயாப்ஸி கல்லீரலில் ஏறத்தாழ 50,000-இல் ஒரு பங்கைத்தான் காட்டும்.

குத்தாமலே அளக்கும் ஒரு வழி, எம்.ஆர்.ஐ. ஸ்கேன் கருவியில் செய்யும் எம்.ஆர். எலாஸ்டோகிராபி. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த ராஜா முத்துப்பிள்ளை, ரிச்சர்ட் ஈமன் குழுவினர் 1995-இல் 'சயன்ஸ்' இதழில் இதை அறிவித்தனர்.

வலப்பக்க விலாமீது வட்டமான பிளாஸ்டிக் கருவி ஒன்றைப் பட்டையால் கட்டுவார்கள். ஸ்கேன் அறைக்கு வெளியிலிருந்து குழாய் வழியே வரும் காற்றதிர்வு அதை நொடிக்கு 60 முறை அதிரவைக்கும். அந்த அதிர்வு கல்லீரலுக்குள் அலையாகப் பரவும். திசு அசைவது மில்லிமீட்டரில் நூற்றில் சில பங்குதான். அதிர்வின் தாளத்துக்கே மாறும் காந்தப்புலம் அதையும் பதிவுசெய்துவிடும். திசு இறுக இறுக அலை வேகமாக ஓடும், அலைநீளம் கூடும். இறுக்கம் 2 கிலோபாஸ்கல் என்றால் அலைநீளம் சுமார் 2.4 செ.மீ.; 5 என்றால் 3.7 செ.மீ. இதைக் கணக்கிட்டுக் கணினி வண்ணப் படமாகத் தருகிறது. 2.5-க்குக் கீழே பொதுவாக இயல்பு. 5-ஐத் தாண்டினால் சிரோசிஸாக இருக்கலாம்.

சிக்கல் மூச்சில் இருக்கிறது. மூச்சோடு கல்லீரலும் ஏறி இறங்குவதால், மூச்சை வெளியே விட்டு அடக்கிக்கொள்ளச் சொல்வார்கள். பழைய முறையான கிரேடியன்ட் எக்கோ, படத்துக்கான தரவை வரிவரியாகச் சேர்க்கும். ஒரு குறுக்குவெட்டுக்குச் சுமார் 15 நொடி. நான்கு வெட்டுக்கு நான்கு தடவை அடக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் கல்லீரல் அதே இடத்தில் நிற்கும் என்பதற்கு உறுதியில்லை.

இதற்கு மாற்றான எக்கோ பிளானர் முறை ஒரே தூண்டலில் ஒரு படத்துக்கான வரிகளை மொத்தமாக அள்ளிவிடும். நான்கு வெட்டுகளும் ஒரே மூச்சடக்கலில் முடியும். ஸ்பின் எக்கோ என்ற இன்னொரு உத்தியுடன் சேரும்போது இன்னொரு பயனும் உண்டு. அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொள்ளும் தலசீமியா நோயாளிகளின் கல்லீரலில் இரும்பு படிந்திருக்கும்; அது சிக்னலைச் சட்டென அழித்துவிடுவதால் பழைய முறையில் படம் கறுத்துப்போகும். ஸ்பின் எக்கோ அந்த இழப்பில் ஒரு பகுதியை மீட்டுத் தருகிறது. வாயு நிறைந்த குடல், நுரையீரல் அருகே மட்டும் படம் சற்றுக் கோணலாகலாம். இயல்பாக மூச்சு விடும்போதே அளக்கும் முறைகளும் உருவாகிவருகின்றன.

வயிற்றில் நீர் கோத்து மூச்சு வாங்குபவரால் நான்கு தடவை மூச்சடக்க முடியாது. நோயின் நிலை தெரிந்தாக வேண்டியவரும் அவரே. அவரையும் அளக்க முடிவதுதான் இந்த வேகத்தின் பெரும்பயன்.