மலை இருவாச்சி

ஆனைமலைக் காட்டில் ஒரு நாட் காலை யாம் நின்றுகொண்டிருக்கையில், மரங்களுக்கு மேலே நீராவி வண்டி மூச்செறிவது போன்றதோர் ஓசை எழுந்து நெருங்கிற்று. உடன் வந்த நண்பர் காற்றென்றார். இலையோ ஒன்றும் அசையவில்லை. சிறிது நேரத்திற்கெல்லாம் கருமையும் வெண்மையும் மஞ்சளுமாய் ஒரு பெரும் பறவை எம் தலைக்குமேற் கடந்து, பள்ளத்தாக்கின் அப்புறத்து மரமொன்றிற் சென்றமர்ந்தது. அதுவே இருவாச்சி. நூலிற் படித்ததை நேரிற் கண்ட அன்று தொட்டு, அதனைப்பற்றி நம் கல்லூரி அன்பர்க்குச் சில சொல்லவேண்டுமென்னும் அவா எமக்கு இருந்துவருகிறது.

ஓசையின் காரணத்தை முதலிற் கூறுவோம். ஏனைப் பறவைகட்குச் சிறகின் பேரிறகுகளது அடிப்புறத்தைச் சிற்றிறகுகள் மூடி நிற்கும். இருவாச்சிக்கு அம்மூடல் போதாமையின், ஒவ்வோர் அடிப்பிலும் காற்றுப் பேரிறகுகளினூடே சீறிப் பாய்கின்றது. மலையாள நாட்டார் இதனை மலைமுழக்கி வேழாம்பல் என வழங்குதல் எத்துணைப் பொருத்தம்! நம்மவர் இட்ட பெயரோ அலகைப் பற்றியது. வளைந்து நீண்ட அலகின்மேல் மற்றோர் அலகைக் கவிழ்த்தாற்போன்ற புடைப்பு உண்டாதலின், இரு வாயுடையது என்னும் பொருளில் இருவாய்ச்சி என்று பெயர் பெற்று, அதுவே இருவாச்சியாயிற்றென்பர். 1758-ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு லின்னேயஸ் என்னும் அறிஞர் சூட்டிய இலத்தீன் பெயரும் இருகொம்புடையது என்றே பொருள்படும். அப்புடைப்புக் காண்பதற்குப் பெரும்பாரம்போலத் தோன்றினும், உள்ளே பெரும்பாலும் வெறுமையே. வானிற் பறந்துகொண்டே இப்பறவைகள் புடைப்போடு புடைப்பு மோதிக்கொள்ளுதலைக் கண்டோர் உளர்.

பறவையின் நீளம் மூன்று முதல் நான்கு அடி. சிறகை விரிப்பின் ஏறத்தாழ ஐந்தடி. உடலும் முகமும் கருமை. கழுத்தும் வாலும் வெண்மை. வாலின் குறுக்கே ஒரு கரும்பட்டை. கழுத்திலும் சிறகுப்பட்டையிலும் காணும் மஞ்சள் அவ்விறகுகளின் இயற்கை நிறமன்று. வாலடியிலுள்ள சுரப்பியினின்று ஊறும் நெய்யை அலகாலெடுத்துப் பறவை தானே பூசிக்கொள்ளுவது. ஆணின் விழி செந்நிறம்; பேட்டின் விழி வெண்ணிறம். தொலைவில் நின்று காண்போர்க்கு இவ்வேறுபாடு எளிதிற் புலப்படாது, எமக்கும் புலப்படவில்லை.

மேற்குத் தொடர்ச்சி மலைகளிலும், இமயத்தின் அடிவாரத்திலும், அசாம், அருணாசலம் முதலிய கீழ்த்திசைக் காடுகளிலும், பர்மா, சயாம், மலேயா, சுமத்திரா நாடுகளிலும் இது வாழ்கின்றது. நமக்கு இத்துணை அண்மையிலுள்ள இலங்கையில் இஃது இல்லை. இதன் உறவினர் இருவகையாரே அங்குளர். கேரளமும் அருணாசலமும் இதனைத் தத்தம் மாநிலப் பறவையாகக் கொண்டுள்ளன.

எங்கு வாழினும் இதற்கு வேண்டுவது ஓங்கி முதிர்ந்த பசுங்காடே. ஆல், அத்தி இனத்துப் பழங்கள் முதன்மையான உணவு; காட்டு ஜாதிக்காய், கருங்குங்கிலியம் ஆகியவற்றின் பழங்களையும் விழுங்கி, வித்துக்களைத் தொலைவிற் சென்று கக்கிவிடும். காடு இதற்கு உணவளிக்க, இது காட்டிற்கு விதைக்கின்றது. ஓணான், சிறு பாம்பு முதலியவற்றையும் விடுவதில்லை.

இதன் இல்வாழ்க்கையே மிக்க வியப்புக்குரியது. தை, மாசித் திங்களில் பேடு பெருமரத்துப் பொந்தொன்றிற் புகுந்து, பெரும்பாலும் தன் எச்சத்தையே சாந்தாகக் குழைத்து வாயிலை அடைத்து, அலகு நீட்டுமளவு ஒரு பிளவு மாத்திரம் விட்டுவைக்கும். உள்ளேயே ஒன்றிரண்டு முட்டையிட்டு, ஏறத்தாழ நாற்பது நாள் அடைகாக்கும். சிறைப்பட்ட காலத்தில் அதன் இறகுகளும் உதிர்ந்து புதிதாக முளைக்கின்றன. வெளியிலுள்ள ஆண், பழங்களைத் தொண்டையில் நிரப்பிக் கொணர்ந்து, ஒவ்வொன்றாக மேலே கக்கிப் பிளவின் வழி ஊட்டும். குஞ்சு ஓரளவு வளர்ந்ததும் தாய் சுவரை உடைத்து வெளிப்படும். உடனே குஞ்சு உள்ளிருந்தபடி வாயிலை மீண்டும் அடைத்துக்கொள்ளும்! கற்பிப்பார் எவருமின்றி அது செய்யும் இத்தொழிலை எண்ணுந்தோறும் எமக்கு வியப்பு அடங்குவதில்லை.

இவ்வொழுங்கிலேயே இதன் கேடும் அமைந்துள்ளது. அந்நாட்களில் ஆணை ஒருவன் சுட்டு வீழ்த்துவானாயின், அவன் கொன்றது ஒன்றையன்று. இறகிழந்து அடைபட்ட பேடும் குஞ்சும் பசியால் மடிய நேரும். மேலும், மரங்கொத்தியைப்போற் பொந்து குடையும் ஆற்றல் இருவாச்சிக்கு இல்லை. தானே உளுத்துத் துளைபட்ட முதுமரம் வேண்டும். அத்தகைய மரம் ஒன்றை வெட்ட ஒருநாட் போதும். மற்றொன்று அவ்வண்ணம் பருக்க எத்தனை தலைமுறை செல்லும்? வால்பாறை மேட்டில் 1890-களிலிருந்து தேயிலை, காப்பித் தோட்டங்கள் பரவ, எஞ்சிய காடு துண்டு துண்டாயிற்று. ஒரு துண்டிலிருந்து மற்றொன்றிற்குத் தேயிலையின் மீது பறந்து செல்லும் இருவாச்சிகளை இன்றுங் காணலாம். 2018-ஆம் ஆண்டில் உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தார் இதனை அழிவுக்கு ஆளாகக்கூடிய இனமென வகுத்தனர்.

ஆனைமலைக் காடர்கள் இதன் கூடுகளை நன்கறிந்தவர்கள். முன்னாளில் அவருட் சிலர் மரமேறிக் குஞ்சுகளை எடுத்துவந்ததுண்டு. கேரளத்து வாழச்சால் காட்டிற் காடர்களே இன்று அக்கூடுகளுக்குக் காவலாயிருக்கின்றனர். அவர்கள் மரமேற வேண்டுவதில்லை. அடிமரத்தைச் சுற்றிச் சிந்திக்கிடக்கும் பழவித்துக்களையும் எச்சத்தையும் நோக்கியே, மேலே பேடு அடைபட்டிருக்கின்றதென்று கண்டுகொள்ளுகின்றனர்.