மூடுபனி, ஆடுபுலி, தாயம்

தருமபுரியிலிருந்து வத்தல்மலைக்கு ஏறும் சாலையில் கொண்டை ஊசி வளைவுகள் இருபதுக்கும் மேல். ஒவ்வொரு வளைவிலும் பார்வை மாறுகிறது. கீழே தெரிந்த ஊர் மறைந்து பாறைச் சரிவு வருகிறது. அடுத்த திருப்பத்தில் அதே ஊர் இன்னும் சிறுத்துத் தெரிகிறது. சற்று முன்புவரை வீடு, புளியமரம், வைக்கோல் போர் என்று பிரித்துச் சொல்ல முடிந்தது. இப்போது பச்சைத் திட்டும் வெள்ளைப் புள்ளிகளும்தான். மேலே போய்ச் சேர்ந்தால் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி, நிழலில் காப்பிச் செடி, பலா. மார்கழிக் காலையில் மூடுபனி இறங்கிவிட்டால் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது.

இந்த மலையையும் சாலையையும் பனியையும் ஒரு செல்போனுக்குள் கட்டச் சொன்னால் எப்படிக் கட்டுவார்கள்? கட்டியிருக்கிறார்கள் என்பதுதான் ஆச்சரியம். ஷாங்காய் ஜியாவ் தோங் பல்கலைக்கழக மாணவர்கள் மூவர் தொடங்கிய மிஹோயோ நிறுவனம், 2020 செப்டம்பர் 28 அன்று ‘கென்ஷின் இம்பேக்ட்’ என்ற விளையாட்டை வெளியிட்டது. மலையேறலாம், ஆற்றில் நீந்தலாம், சிறகு விரித்துப் பள்ளத்தாக்கில் இறங்கலாம். இப்படி மனம்போன திசையில் போகவிடும் ஆட்டத்தைத் திறந்த உலக ஆட்டம் என்கிறார்கள். அதே நிறுவனம் 2023 ஏப்ரல் 26 அன்று ‘ஹொன்காய்: ஸ்டார் ரெயில்’ ஆட்டத்தைக் கொண்டுவந்தது. அதில் சண்டை வந்தால் எல்லோரும் வரிசையாக நிற்பார்கள். ஒருவர் அடித்து முடித்த பிறகே அடுத்தவர். இது முறைவைத்து ஆடும் ஆட்டம். ஒரே பட்டறையில் வார்த்த இரண்டு பாத்திரங்கள். ஆனால் இரண்டும் நேரத்தை நடத்தும் விதம் முற்றிலும் வேறு.

முதலில் திறந்த உலகம். திரையில் ஓடுவது உண்மையில் அடுத்தடுத்து வரையப்படும் படங்கள். நொடிக்கு 60 படம் என்றால் ஒரு படத்துக்குக் கிடைப்பது 16.7 மில்லி நொடி. கண் இமைக்கும் நேரத்தை மாத்திரை என்ற அளவாக வைத்தது தொல்காப்பியம். ஒரு குறிலைச் சொல்ல ஆகும் நேரம் அது. அதை ஏறத்தாழ கால் நொடி என்று கொண்டால், நாம் ‘அ’ என்று சொல்லி வாய் மூடுவதற்குள் போன் 15 முறை திரைக்காட்சியை வரைந்து அழித்திருக்கும். ஒவ்வொரு முறையும் வெயில் எங்கே விழுகிறது, நிழல் எங்கே நீள்கிறது, கால் எந்தக் கல்லில் பதிகிறது என்று புதிதாகக் கணக்குப் போட்டாக வேண்டும்.

முழு மலையையும் அப்படி வரைவது எந்தப் போனாலும் முடியாத காரியம். ஆகவே நம் கண்ணுக்கும் மலைச்சாலைக்கும் தெரிந்த தந்திரங்களையே அது கையாள்கிறது. விளையாட்டில் எந்தப் பொருளும் நுண்ணிய முக்கோணங்களால் ஆனது. பக்கத்தில் நிற்கும் மரத்துக்கு ஆயிரக்கணக்கான முக்கோணங்கள். தள்ளி நிற்கும் மரத்துக்குச் சில நூறு. அடிவானத்து மரமோ வெறும் தட்டை அட்டை. நாம் எந்தப் பக்கம் நகர்ந்தாலும் அதுவும் நம்மை நோக்கித் திரும்பிக்கொள்வதால் தட்டை என்று தெரிவதில்லை. இதற்கு நுணுக்கப் படிநிலை என்று பெயர் வைத்துக்கொள்ளலாம்: தூரம் கூடக் கூட விவரத்தைக் குறைப்பது. வத்தல்மலை வளைவில் நின்று கீழே பார்க்கும்போது வீடு புள்ளியாவது போலத்தான். ஒரே வித்தியாசம், கீழே இருக்கும் வீடு உண்மையில் சுருங்குவதில்லை. ஆட்டத்து மரம் நிஜமாகவே அட்டையாகிவிடுகிறது.

நம் முதுகுக்குப் பின்னால் இருப்பது வரையப்படுவதே இல்லை. திரும்பிப் பார்த்த அடுத்த படத்தில் அது முளைக்கிறது. பாறைக்கு அப்பால் மறைந்திருப்பதையும் தவிர்க்கலாம். அதனால்தான் வளைந்து வளைந்து போகும் கணவாய்கள் விளையாட்டு வடிவமைப்பாளர்களுக்கு வரம். ஒரு வளைவைத் தாண்ட நாம் எடுக்கும் சில நொடிகளில், அடுத்த பள்ளத்தாக்கைச் சேமிப்பிலிருந்து நினைவகத்துக்கு இழுத்து வந்துவிட முடியும். நமக்கு அது மலைப்பாதை. போனுக்கு அது மூச்சு வாங்கிக்கொள்ளும் இடம்.

மூடுபனிக்கும் இந்தச் சரித்திரத்தில் பெரிய பங்கு உண்டு. 1999-இல் வந்த ‘சைலன்ட் ஹில்’ ஆட்டம், அன்றைய பிளேஸ்டேஷனால் தூரத்துத் தெருக்களை வரைய முடியாத குறையை ஊரெங்கும் பனியைப் பரப்பி மறைத்தது. அந்தப் பனியே அதன் திகிலாகிவிட்டது. கருவியின் இயலாமை கலையாக மாறிய இதைவிட அழகான எடுத்துக்காட்டை நான் அறியேன்.

சண்டையிலும் திறந்த உலகம் நேரத்தை விடாமல் ஓட்டுகிறது. கென்ஷினில் நெருப்பு, நீர், மின்னல், பனி, காற்று, பாறை, தழை என்று ஏழு மூலகங்கள். ஒரு மூலகத்தால் அடித்தால் எதிரியின் மேல் அது சற்று நேரம் படிந்திருக்கும். அது காய்வதற்குள் இன்னொன்றால் அடித்தால் இரண்டும் வினைபுரியும். இதில் வரிசை முக்கியம். நீர் படிந்தவன் மேல் நெருப்பு விழுந்தால் அந்த அடி 1.5 மடங்கு, நெருப்பு படிந்தவன் மேல் நீர் விழுந்தால் 2 மடங்கு. காய்ந்த தோசைக்கல்லில் தண்ணீர் தெளிக்கும்போது எழும் சத்தத்தைக் கேட்டவர்களுக்கு இது உடனே புரியும். நான்கு பேர் கொண்ட அணியில் களத்தில் ஒருவர்தான் நிற்பார். விரல் நுனியில் ஆளை மாற்றி, படிந்தது காய்வதற்குள் அடுத்த அடி விழ வேண்டும். மழை பெய்தால் எல்லோரும் தாமாகவே நனைந்துவிடுவார்கள். அப்போது வானிலையும் அணியில் ஒரு ஆள்.

இனி முறைவைத்து ஆடும் பக்கம். நம் ஊரில் இதற்குக் கல்லில் கீறிய சாட்சி இருக்கிறது. பழைய கோயில் மண்டபங்களின் தரைக்கற்களில் முக்கோணமும் குறுக்குக் கோடுகளுமாக ஆடுபுலி ஆட்டக் கட்டம் செதுக்கப்பட்டிருப்பதைப் பலர் பார்த்திருப்பார்கள். 23 சந்திகள், 3 புலிகள், 15 ஆடுகள். புலி தாண்டி வெட்டும். ஆடுகள் சூழ்ந்து அடைக்கும். இரு தரப்புக்கும் ஆளும் வேறு, விதியும் வேறு, வெற்றியும் வேறு. ஆனாலும் ஆட்டம் தராசுபோல நிற்கிறது. இங்கே நேரம் ஓடுவதில்லை. எதிராளி காயை நகர்த்தும்வரை வெற்றிலை போட்டுக்கொண்டு காத்திருக்கலாம்.

ஸ்டார் ரெயிலும் காத்திருக்கும். நம் முறை வந்துவிட்டால், நாம் எதையாவது தொடும்வரை அரக்கன் அசையாமல் நிற்பான். ஆனால் ஆடுபுலியில் இல்லாத ஒரு நுட்பத்தை இது சேர்த்திருக்கிறது: முறைகள் ஒன்றுவிட்டு ஒன்றாக வருவதில்லை, வேகத்தைப் பொறுத்து வருகின்றன. கண்ணுக்குத் தெரியாத ஓட்டப்பாதை ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் நீளம் 10,000 அடி. ஒவ்வொருவரும் தத்தம் வேகத்தில் ஓடுகிறார்கள். கோட்டைத் தொட்டவருக்கு முறை கிடைக்கும், பிறகு அவர் மறுபடி முதலிலிருந்து ஓட வேண்டும். வேகம் 100 உள்ளவருக்கு 100 அலகு நேரத்துக்கு ஒரு முறை. வேகம் 200 இருந்தால் 50-க்கு ஒன்று.

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த எண் வருகிறது: 134. ஆட்டத்தின் கடினமான சோதனைக்களத்தில் முதல் சுற்று 150 அலகு நேரம் நீடிக்கும். அதற்குள் இரண்டு முறை அடிக்க வேண்டுமானால் 20,000 அடி ஓடியாக வேண்டும். வேகம் 133 என்றால் அதற்கு 150.4 அலகு ஆகும். மயிரிழையில் கதவு மூடிவிடும். 134 என்றால் 149.3, உள்ளே நுழைந்துவிடலாம். ஒரே ஒரு புள்ளிக்கு ஒரு முழு முறை கூடுதல். பேருந்து நிலையத்துக்குள் நுழையும்போது கடைசி வண்டி புறப்படுவதைப் பார்த்தவர்களுக்கு 133-இன் வலி தெரியும். விளையாடுகிறவர்கள் இந்த ஒற்றைப் புள்ளிக்காகக் காலணி, கையுறை என்று வாரக்கணக்கில் தேடுகிறார்கள். நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகள் வேகம், தூரம், காலம் என்ற கணக்கை வகுப்பில் போடுவதைவிட ஆசையோடு இங்கே போடுகிறார்கள்.

ஓட்டப்பாதை இருந்தால் அதில் ஆளைத் தள்ளவும் முடியும். எதிரியின் பலவீனமான மூலகத்தால் அடித்து அவன் உறுதியை முறித்தால், அவன் பாதையில் கால் பங்கு, அதாவது 2,500 அடி, பின்னுக்குப் போவான். புரோனியா என்ற பாத்திரம் தோழர் ஒருவரை நேராகக் கோட்டுக்கே தூக்கிவந்து வைப்பாள். போதாததற்கு நான்கு பேருக்கும் சேர்த்து ஒரே சுருக்குப்பை: சாதாரணமாக அடித்தால் ஒரு புள்ளி பையில் விழும், திறமையைக் காட்டினால் ஒரு புள்ளி செலவாகும், பை பொதுவாக ஐந்து புள்ளிதான் கொள்ளும். ஒருவர் ஊதாரியானால் மற்றவர் கைகட்டி நிற்க வேண்டும். கூட்டுக்குடும்பத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்த வரவுசெலவைச் சொல்லித்தர வேண்டியதில்லை. கென்ஷினின் மலைகள் என்னை மயக்கினாலும், கணக்கின் அழகில் என் மனம் ஸ்டார் ரெயில் பக்கமே சாய்கிறது.

பட்டறையில் வார்த்த அந்த இரண்டு பாத்திரங்களுக்கும் அடியில் எரியும் அடுப்பு ஒன்றே. அதன் பெயர் காச்சா. ஜப்பானியக் கடைவீதிகளில் காசு போட்டுக் கைப்பிடியைத் திருகினால் உருண்டைக்குள் பொம்மை விழும் பெட்டிகள் உண்டு. திருகும்போது எழும் சத்தத்திலிருந்து பிறந்த சொல் இது. ஆட்டத்தில் பொம்மைக்குப் பதில் கதைப் பாத்திரங்கள். ஒரு முறை ‘இழுக்க’, அதாவது திருக, ஆட்டத்து நாணயமான கற்கள் 160 வேண்டும். மிக அரிதான ஐந்து நட்சத்திரப் பாத்திரம் வரும் வாய்ப்பு 0.6 விழுக்காடு: ஆயிரம் புளியங்கொட்டையில் ஆறுக்கு மட்டும் சாயம் பூசி, கண்ணை மூடி ஒன்றை எடுப்பது போல.

இதைத் தாயத்தோடு ஒப்பிட்டால் உள்ளே இருக்கும் வித்தை தெரியும். ஒன்று, இரண்டு, மூன்று, வெறுமை என்று நான்கு முகம் கொண்ட தாயக்கட்டை இரண்டை உருட்டினால் 16 விதமாக விழலாம். அவற்றில் இரண்டுதான் தாயம். எட்டில் ஒரு வாய்ப்பு. ஆனாலும் எட்டு முறை உருட்டியும் தாயம் விழாதவர்கள் நூற்றுக்கு 34 பேர். கட்டைக்கு ஞாபகம் கிடையாது. ஏழு முறை ஏமாற்றிவிட்டோமே என்று எட்டாவது முறை அது இரங்காது. பெட்டிக்கடையில் தொங்கும் பரிசு அட்டை வேறு ஜாதி. நூறு சீட்டில் ஒன்று பெரிய பொம்மை என்றால், ஒவ்வொரு வெற்றுச் சீட்டும் கிழிய மீதமுள்ளவற்றின் மதிப்பு ஏறும். நூறாவது சீட்டு வரைக்கும் அது ஒளிந்திருக்க முடியும், அதற்கு மேல் முடியாது. அட்டைக்கு ஞாபகம் உண்டு.

காச்சா, தாயக்கட்டைக்குள் அட்டையின் ஞாபகத்தைப் பொருத்தியிருக்கிறது. 0.6 விழுக்காட்டை மட்டும் நம்பி நூறு பேர் ஆளுக்குத் தொண்ணூறு முறை இழுத்தால் 58 பேர் வெறுங்கையோடு திரும்புவார்கள். ஆகவே சர்வர் நம் தோல்விகளை எண்ணிக்கொண்டே வருகிறது. தொண்ணூறாவது முறை கட்டாயம் கொடுத்துவிடும். இதை இரக்க எண்ணிக்கை என்று சொல்லலாம். ஆடுகிறவர்கள் வாயில் அது ‘பிட்டி’. கென்ஷின் ஆடுகிறவர்கள் லட்சக்கணக்கான இழுப்புகளைச் சேர்த்து ஆராய்ந்ததில் இன்னொன்றும் தெரிந்தது: 74-ஆவது இழுப்பிலிருந்து வாய்ப்பு படிப்படியாக ஏறத் தொடங்குகிறது. பெரும்பாலோருக்கு எண்பதை ஒட்டியே பரிசு விழுந்துவிடுகிறது. எல்லாம் சேர்த்து நிறுவனமே சொல்லும் சராசரி 1.6 விழுக்காடு, அதாவது ஏறக்குறைய 62 இழுப்புக்கு ஒன்று.

விழுவது நாம் கேட்ட பாத்திரமாகவே இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. கென்ஷினில் முதலில் அது பாதிக்குப் பாதி. 2024-இல் வந்த மாற்றத்துக்குப் பிறகு சராசரியாக 55 விழுக்காடு. தவறிப்போனால் அடுத்த ஐந்து நட்சத்திரம் கேட்டதாகவே இருக்கும். ஆகவே மிக மோசமான நிலையில் 180 இழுப்பு, 28,800 கற்கள். அமெரிக்க விலையில் 99.99 டாலருக்கு, முதல்முறைச் சலுகை போக, 8,080 கற்கள் கிடைக்கும். அந்தக் கணக்கில் ஒரு பாத்திரத்துக்கு ஏறத்தாழ 356 டாலர், நம் பணத்தில் முப்பதாயிரம் ரூபாய் அளவு. பொறுமையாக ஆடினால் கற்கள் இலவசமாகவும் சேரும். ஆனால் பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் பொறுமையையும் அப்பாவின் யுபிஐ எண்ணையும் ஒருசேரக் கொடுத்துவிட்டு முதலாவதை எதிர்பார்ப்பது நியாயமில்லை. அரசுகளும் விழித்துக்கொண்டன. பல பொருள்களைச் சேர்த்தால்தான் பெரிய பரிசு என்ற காச்சா வகையை ஜப்பான் 2012-இல் தடுத்தது. சீனா 2017 மே முதல் வாய்ப்பு எண்களை வெளிப்படையாகச் சொல்ல வைத்தது. அமெரிக்க வணிக ஆணையத்துடன் 2025 ஜனவரியில் ஏற்பட்ட உடன்பாட்டில் கென்ஷின் வெளியீட்டாளர் 2 கோடி டாலர் செலுத்தவும், 16 வயதுக்குக் கீழானவர்களுக்குப் பெற்றோர் சம்மதமின்றி இந்த இழுப்புகளை விற்காதிருக்கவும் ஒப்புக்கொண்டார்.

கடைசி வித்தை ஒன்று பாக்கி. கென்ஷினில் இழுத்தவுடன் இரவு வானில் எரிகல் ஒன்று கிளம்பும். அதன் ஒளி நீலமானால் மூன்று நட்சத்திரம், ஊதாவானால் நான்கு, பொன்னிறமானால் ஐந்து. அந்தச் சில நொடிகள் நெஞ்சு அடித்துக்கொள்ளும். நல்ல நேரம் பார்த்து இழுப்பவர்களும், குழந்தையின் விரலால் தொடச் சொல்பவர்களும் உண்டு. ஆனால் எரிகல் கிளம்புவதற்கு முன்பே தொலைதூரச் சர்வரில் குலுக்கல் முடிந்து விடை போனுக்கு வந்து சேர்ந்திருக்கும். வானம், எரிகல், பொன்னொளி எல்லாம் வந்த கடிதத்தைப் பிரிக்கும் நேரம் மட்டுமே. திரையின் மூலையில் ‘தவிர்’ என்று ஒரு சின்னப் பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினாலும் அதே பாத்திரம்தான் வந்து நிற்கும்.