உண்ணாமையும் நோயே

பசிப்பிணி என்றவுடன் வறுமையையே நினைக்கப் பழகிய நாம், நிறைந்த கலத்தின் முன்னிருந்தும் உண்ணவொண்ணாத பிணியைப் பொருட்படுத்துவதில்லை. அதனை இளம் பெண்களின் அழகு மோகமென்றோ வெறும் பிடிவாதமென்றோ எள்ளிவிடுகின்றோம். இவ்வெண்ணம் எத்துணைப் பிழையானது என்பதை ஈண்டு எடுத்துக்காட்ட விழைகின்றோம்.

இந்நோய் புதியதன்று. 1689ஆம் ஆண்டில் ரிச்சர்ட் மோர்ட்டன் என்னும் ஆங்கில வைத்தியர், காய்ச்சலோ இருமலோ இன்றி உணவை வெறுத்து மெலிந்த இருவரைப்பற்றி எழுதினார். ஒருத்தி பதினெட்டு வயதினள்; அவள் மாண்டாள். மற்றவன் பதினாறு வயதுச் சிறுவன். அளவிறந்த படிப்பும் மனக்கலக்கமுமே அவனை வாட்டின எனக் கருதிய மோர்ட்டன், படிப்பை நிறுத்தி நாட்டுப்புறஞ் செல்லப் பணித்தார். அவன் பெரிதும் தேறினான். ஆகவே, இஃது ஆண்மக்களைத் தீண்டாத நோயென நாம் வாளாவிருத்தல் தகாது.

1873இல் சேர் வில்லியம் கல் இதற்கு ‘அனோரெக்சியா நெர்வோசா’ எனப் பெயரிட்டார். மிகையாக உண்டு, பின் வாந்தியெடுக்கும் ‘புலிமியா’ என்பதை 1979இல் ஜெரால்ட் ரசல் விளக்கினார். 2019ஆம் ஆண்டில் உலகில் 1 கோடியே 40 இலட்சம் பேர் இவ்வகை நோய்களுற்றிருந்தனர் என்றும், அவருள் ஏறக்குறைய 30 இலட்சம் பேர் சிறுவரும் இளைஞருமே என்றும் உலகச் சுகாதார நிறுவனம் கூறுகின்றது. அடக்கவியலாது பெருந்தீனி உண்ணும் நோய் முதலியவற்றையுஞ் சேர்த்துக் கணித்த ஆய்வாளர், தொகை ஐந்தரைக் கோடியாகுமெனக் கண்டனர்.

இதன் கொடுமையோ பெரிது. இதயத் துடிப்பு தளரும், என்பு நலியும், இடைவிடா வாந்தியால் இரத்தத்திற் பொட்டாசியங் குறைந்து இதயம் திடீரென நிற்றலுங் கூடும். அனோரெக்சியா உற்றோர் இறக்கும் வீதம் ஒத்த வயதினரினும் ஐந்து மடங்குக்கு மேற்பட்டதென்றும், அவ்விறப்புக்களுள் ஐந்திலொன்று தற்கொலையென்றும் 2011இல் வெளிவந்த ஆய்வுத் தொகுப்பொன்று காட்டிற்று.

‘மனம் வைத்தால் உண்ணலாமே’ என்பார்க்கு 1944–45இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் நடந்த சோதனை விடை பகரும். உடலும் உள்ளமும் நலமுற்ற ஆடவர் 36 பேர், தாமாக முன்வந்து ஆறு திங்கள் அரைவயிற்று உணவுண்டனர். அவர்தம் உள்ளம் சோர்ந்தது; நட்பும் நகையும் அகன்றன; உணவைப்பற்றிய நினைவே ஓயாது அலைத்தது. பட்டினிதானே மனத்தைத் திரிக்குமெனின், அம்மனத்தையே மருந்தாக்கச் சொல்லுதல் எங்ஙனம் பொருந்தும்?

விரதத்திற்குப் பாரணை உண்டு, இந்நோய்க்கு அஃதில்லை. மாணவனொருவன் தோழரோடு உண்ணுதலைத் தவிர்த்து, உடலெடையே நினைவாய் மெலிவானாயின், ஏளனமும் அதட்டலும் உதவா. பெற்றோரும் ஆசிரியரும் அவனைக் காலந்தாழ்த்தாது வைத்தியரிடம் கொண்டுசெல்லல் வேண்டும். குடும்பத்தினர் உடனிருந்து உண்பிக்கும் சிகிச்சை முறை இளையோர் பலரை மீட்டுள்ளது. முற்றாக நலம்பெற்றோரும் பலர் உளர். எனவே, அருகிலிருப்போன் உண்டானா என வினவும் நம் பழைய வழக்கத்தை நாம் கைவிடாதிருப்போமாக.