ரத்தம் ஓடும் வழி: மாத்திரையில் முளைத்த முடி

பொட்டாசியம் வெளியேறினால் ரத்தக் குழாயின் தசைச் செல்லுக்குள் எதிர்மின்னூட்டம் கூடும், கால்சியம் வரும் வழி அடைபடும், தசை தளரும். போன வாரக் கதை இவ்வளவுதான். மறந்தவர்கள் பழைய இதழைப் புரட்டிக்கொள்ளுங்கள்.

இந்த வாரம் கால்சியம் பொறிகளைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். ஆசிரியரும் தலைப்பை அப்படித்தான் குறித்து வைத்திருக்கிறார். ஆனால் நடுவில் மினாக்சிடில் வந்து உட்கார்ந்துகொண்டது. ஆமாம், வழுக்கைக்குத் தேய்க்கிறார்களே, அதேதான்.

அமெரிக்காவின் அப்ஜான் நிறுவனம் அதை ரத்த அழுத்த மாத்திரையாகத்தான் உருவாக்கியது. 1970-களின் தொடக்கத்தில் கொலராடோவில் சோதித்தபோது நோயாளிகளுக்கு முகத்திலும் கையிலும் முடி வளர ஆரம்பித்தது. அங்கிருந்த தோல் மருத்துவர் குன்டர் கான் மருந்தைக் கரைத்துத் தன் கையிலேயே தடவிப் பார்த்தார், முளைத்தது! பிறகு காப்புரிமைக்காக நிறுவனத்தோடு அவர் நடத்திய இழுபறி தனிக் கதை. 1979-இல் மாத்திரைக்கும் 1988-இல் தலைக்குத் தேய்க்கும் திரவத்துக்கும் அனுமதி கிடைத்தது.

நாம் விழுங்கும் மினாக்சிடில் நேரடியாக வேலை செய்வதில்லை. கல்லீரல் அதில் ஒரு சல்பேட்டை ஒட்டிவிட்ட பிறகுதான் அது தசைச் செல்லிலிருந்து பொட்டாசியத்தை வெளியேற்றும் கே-ஏடிபி என்ற வாயிலைத் திறக்கும். அந்த வாயிலின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன்: நடுத்துளையை கிர்6.1 என்ற புரதம் நான்கு சேர்ந்து அமைக்கின்றன. சுற்றிலும் சர்2பி என்ற புரதம் நான்கு. செல்லின் எரிபொருளான ஏடிபி ஒரு பாஸ்பேட்டை இழந்து செலவாகும்போது, அந்த மிச்சத்தை சர்2பி உணர்ந்து துளையைத் திறக்க வைக்கும். எரிபொருள் குறையும் இடத்துக்கு ரத்தம் கூடுதலாகப் பாய்வதற்கு இதுவும் ஒரு வழி. மருந்து ஒட்டுவதும் இதே சர்2பியில்தான்.

இனிதான் என்னைத் தூங்கவிடாத சங்கதி. 1982-இல் மெக்சிகோ மரபியலாளர் ஹோசே மரியா கான்டூ ஓர் அபூர்வ நோயை விவரித்தார். பிறக்கும்போதே உடம்பெல்லாம் அடர்ந்த முடி, பெருத்த இதயம், விரிந்த ரத்தக் குழாய்கள், சிலருக்கு இதயத்தைச் சுற்றி நீர். மினாக்சிடில் மாத்திரையின் பக்கவிளைவுப் பட்டியலை எடுத்துப் பாருங்கள்: முடி, வீக்கம், இதயத்தைச் சுற்றி நீர். காரணம் 2012-இல் பிடிபட்டது. இந்த நோயாளிகளில் பெரும்பாலோருக்கு சர்2பி புரதத்தை உருவாக்கும் மரபணுவில் பிழை. வாயில் தேவைக்கு மேல் திறந்து கிடக்கிறது. மருந்து செய்வதை மரபணுவே வாழ்நாள் முழுதும் செய்கிறது!

அப்படியானால் வாயிலை மூடும் மருந்து கொடுக்கலாமே? நம் ஊர் சர்க்கரை நோயாளிகளுக்குப் பழகிய கிளிபென்கிளமைடு மூடும். செயின்ட் லூயிஸில் காலின் நிக்கோல்ஸின் ஆய்வுக் குழு இந்தப் பிழை உள்ள எலிகளுக்கு அதைக் கொடுத்தபோது இதயப் பெருக்கம் குறைந்தது, 2020-இல் வெளியிட்டார்கள். சிக்கல் என்னவென்றால், கணையத்திலும் இந்த வாயிலின் உடன்பிறப்பு இருக்கிறது. அதையும் மூடினால் இன்சுலின் சுரந்து சர்க்கரை இறங்கும்.

பக்கம் முடிந்துவிட்டது. கால்சியம் பொறிகள் அடுத்த வாரம். தசையை இறுக்க வேண்டிய கால்சியமே அங்கே தசையைத் தளர்த்துகிறது. அதை அரைப் பக்கத்தில் அடக்க எனக்கு மனமில்லை.