நீர்சார் துத்தநாக அயனி மின்கலத்தின் நேர்மின்முனைப் பொருட்கள்

நீர்சார் துத்தநாக அயனி மின்கலம் என்பது துத்தநாகத்தை எதிர்மின்முனையாகவும், துத்தநாக உப்பின் நீர்க்கரைசலை மின்பகுளியாகவும் கொண்ட, மீண்டும் மின்னேற்றத்தக்க மின்கலம் ஆகும். இதன் நேர்மின்முனையில் மாங்கனீசு ஈராக்சைடு, வனேடியம் ஆக்சைடு போன்றவை நானோ அளவுத் துகள்களாகவும் இழைகளாகவும் பயன்படுகின்றன. மின்கலத்தின் ஆயுள் பெரும்பாலும் இப்பொருட்களையும் துத்தநாகத் தகட்டின் நிலைப்பையும் பொறுத்தது.

தேவை

மடத்துக்குளத்தை அடுத்த உடுமலைப்பேட்டை வட்டாரத்தில், பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் தென்மேற்குப் பருவக்காற்றால் காற்றாலைகள் இயங்குகின்றன. திருப்பூரின் பின்னலாடை நிறுவனங்கள் பலவும் காற்றாலைகளை வைத்துள்ளன. காற்று வீசும் நேரமும் ஆலைக்கு மின்சாரம் தேவைப்படும் நேரமும் எப்போதும் பொருந்துவதில்லை. ஓரிடத்தில் நிறுவப்படும் சேமிப்புக் கலங்களுக்கு எடையை விட விலை, ஆயுள், தீப்பற்றாத தன்மை ஆகியவையே முதன்மையானவை. நீர்சார் மின்பகுளி தீப்பற்றாது. துத்தநாகத்தின் கோட்பாட்டுக் கொள்ளளவு கிராமுக்கு 820 மில்லி ஆம்பியர் மணி ஆகும். எனினும் இக்கலத்தின் மின்னழுத்தம் இலித்தியம் அயனிக் கலத்தினதில் பாதிக்கும் குறைவு.

வரலாறு

1866 இல் இலெக்லான்சே உருவாக்கிய கலத்திலும் துத்தநாகமும் மாங்கனீசு ஈராக்சைடுமே இருந்தன. ஆனால் அதனை மீண்டும் மின்னேற்ற இயலாது. 1986 இல் யப்பானிய ஆய்வாளர்கள் மென் அமிலத் துத்தநாக சல்பேட்டுக் கரைசலைக் கொண்டு மின்னேற்றத்தக்க கலத்தை விளக்கினர். 2012 இல் சீனாவின் சிங்குவா பல்கலைக்கழகக் குழுவின் ஆய்வுக்குப் பின் இத்துறை விரைந்து வளர்ந்தது.

நானோ கட்டமைப்பின் பங்கு

துத்தநாக அயனி இரு நேர்மின்னூட்டங்களைக் கொண்டது. படிகத்திலுள்ள ஆக்சிசன் அதனை வலுவாக ஈர்ப்பதால் அது மெதுவாகவே நகரும். ஊடுருவ ஆகும் நேரம் தொலைவின் இருமடிக்கு ஏற்ப மாறும். எனவே துகளின் அளவு பத்தில் ஒரு பங்கானால் நேரம் நூறில் ஒரு பங்காகும். இதுவே நானோ துகள்களின் பயன்.

குறையும் இதனுள்ளேயே உள்ளது. துகள் சிறுத்தால் கரைசலைத் தொடும் பரப்பு பெருகும். மாங்கனீசு கரைந்து, கொள்ளளவு குறையும். 2016 இல் அமெரிக்காவின் பசிபிக் வடமேற்குத் தேசிய ஆய்வகக் குழு, மின்பகுளியில் முன்கூட்டியே மாங்கனீசு சல்பேட்டைச் சேர்த்து இக்கரைவைக் கட்டுப்படுத்தியது. மாங்கனீசு ஈராக்சைடு நானோ இழைகள் 5000 சுழற்சிகளுக்குப் பின்னும் 92% கொள்ளளவைத் தக்கவைத்தன. இவ்வினையில் ஐதரசன் அயனிகள் முக்கியப் பங்கு வகிப்பதையும் அக்குழு காட்டியது.

அதே ஆண்டில் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகக் குழு, அடுக்குகளுக்கிடையே துத்தநாகமும் நீரும் கொண்ட வனேடியம் ஆக்சைடைப் பயன்படுத்தியது. இந்நீர் மூலக்கூறுகள் அயனியின் மின்னூட்டத்தை ஓரளவு மறைத்து, அதன் நகர்வை எளிதாக்குகின்றன. இக்கலம் 1000 சுழற்சிகளுக்குப் பின் 80% கொள்ளளவைக் கொண்டிருந்தது.

இந்தியாவில்

இராசத்தானில் துத்தநாகச் சுரங்கங்கள் உள்ளன; இலித்தியமோ பெரும்பாலும் இறக்குமதியாகிறது. 2024 இல் இந்துஸ்தான் சிங்க் நிறுவனமும் பெங்களூரின் சவகர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையமும் துத்தநாக மின்கல ஆய்வுக்கு உடன்படிக்கை செய்தன. மின்னேற்றும்போது துத்தநாகத் தகட்டில் கிளைபோல் வளரும் படிவுகளும் ஐதரசன் வெளியேற்றமும் தீர்க்கப்பட வேண்டிய பிற சிக்கல்களாகும்.