மூச்சு கடைமடை வரை போகிறதா?



நம் மடலைத் தவறாமல் வாசித்துவரும் சபை மூப்பர் ஒருவர் அண்மையில் நமக்கு எழுதியிருந்தார். வெளிநாட்டில் வாழும் அவருடைய மகள், அங்கே நோயாளிகளுக்கு ஏதோ ஒரு வாயுவைச் சுவாசிக்கக் கொடுத்து எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் நுரையீரலைப் படம் எடுக்கிறார்கள் என்று சொன்னாராம். "நெல் அரவை மில் தூசியில் நின்று மூச்சுத் திணறுகிறவர்கள் நம் பக்கத்தில் அநேகர். அந்தக் கருவியை வாங்க நம் சபைகள் சேர்ந்து காணிக்கை திரட்டினால் என்ன?" என்று கேட்டிருந்தார். நல்ல மனதோடு கேட்ட கேள்வி. அவருக்கு மட்டும் பதில் எழுதுவதைவிட, தங்கள் எல்லோருக்கும் விளக்குவது நலம் என்று எண்ணினோம்.

நம் டெல்டாவில் இதை விளக்குவது எளிது. கல்லணையில் எத்தனை கன அடி திறந்தார்கள் என்று தினமும் கணக்குச் சொல்கிறார்கள். ஆனால் கடைமடைக்குத் தண்ணீர் வந்ததா என்பது அங்கே வரப்பில் நிற்கிறவருக்குத்தான் தெரியும். நாம் வெளிநோயாளர் பிரிவில் ஊதச் சொல்லும் ஸ்பைரோமீட்டர், கல்லணைக் கணக்கைப் போன்றது. 1846-ல் லண்டனில் ஜான் ஹட்சின்சன் என்னும் மருத்துவர் வெளியிட்ட முறை அது. மொத்தம் எவ்வளவு காற்று வெளியே வருகிறது, எவ்வளவு வேகமாக வருகிறது என்று சரியாகச் சொல்லும். உள்ளே எந்தக் கிளை வாய்க்கால் தூர்ந்துவிட்டது என்று சொல்லாது. நுரையீரலில் முப்பது கோடிக்கு மேற்பட்ட காற்றுப் பைகள் உள்ளன. மிகச் சிறிய குழாய்களில் பல அடைபட்ட பிறகும் ஊதும் சோதனை இயல்பாகவே இருக்கக்கூடும். எக்ஸ்ரேயும் அப்படியே. அது வரப்பைக் காட்டும், தண்ணீரைக் காட்டாது. இதனால் "உனக்கு ஒன்றுமில்லை" என்று கேட்டுக் கேட்டுச் சோர்ந்துபோனவர்களை நாம் அறிவோம். மில்லில் மூட்டை தூக்கியவர் பத்துப் படி ஏறினால் நின்றுவிடுகிறார். வீட்டாரோ அவர் வேலைக்குப் போகச் சோம்பல்படுகிறார் என்கிறார்கள்.

எம்.ஆர்.ஐ. கருவியும் சாதாரணமாக நுரையீரலில் தோற்றுத்தான் போகிறது. அது உடலிலுள்ள நீரின் ஹைட்ரஜன் அணுக்களிலிருந்து வரும் மெல்லிய ஒலியைக் கேட்டுப் படம் வரைகிறது. நுரையீரலில் இருப்பது பெரும்பாலும் காற்று. ஆகவே மூளையையும் முழங்காலையும் தெளிவாகக் காட்டும் கருவியில் நெஞ்சின் இரு பக்கமும் கறுப்பாகவே விழும்.

இந்தக் கறுப்புக்குள் வெளிச்சம் ஏற்றியதே செனான் என்னும் வாயு. 1898-ல் வில்லியம் ராம்சே, மாரிஸ் டிராவர்ஸ் இருவரும் கண்டுபிடித்தது. காற்றில் ஒரு கோடிப் பங்கில் ஒரு பங்குகூட இல்லை. எதனோடும் எளிதில் சேராத சாதுவான வாயு. அதிக அளவில் கொடுத்தால் மயக்க மருந்தாகவும் பயன்படும். அணுக்கள் சிறு காந்த ஊசிகளைப் போன்றவை. ஸ்கேன் கருவிக்குள் அவற்றில் ஏறக்குறையப் பாதி மேல்நோக்கியும் பாதி கீழ்நோக்கியும் நின்று ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. பத்து லட்சத்தில் ஒரு சில மட்டுமே மிஞ்சி நமக்குக் குரல் கொடுக்கின்றன. நீரில் அணுக்கள் நெருங்கி இருப்பதால் அதுவே போதும், வாயுவுக்குப் போதாது. ஆகவே ரூபிடியம் என்னும் உலோகத்தின் ஆவியில் லேசர் ஒளியைப் பாய்ச்சி, அதன் மூலம் செனான் அணுக்களை ஒரே பக்கம் திரும்பி நிற்கச் செய்கிறார்கள். அப்போது குரல் பல்லாயிரம் மடங்கு உயர்கிறது. 1994-ல் அமெரிக்காவில் மிச்சல் ஆல்பர்ட்டும் உடன் பணியாற்றியவர்களும் எலியின் நுரையீரலில் இதை முதன்முதலாகக் காட்டினார்கள். பின்பு சில காலம் ஹீலியம்-3 என்னும் வாயுவை அதிகம் பயன்படுத்தினார்கள். அது அணு ஆயுதங்களுக்கான டிரிட்டியத்திலிருந்து கிடைப்பது. கையிருப்பு குறையவே மீண்டும் செனானுக்குத் திரும்பினார்கள். 2022 டிசம்பரில் அமெரிக்க அரசின் மருந்து அனுமதித் துறை இதற்கு ஒப்புதல் அளித்தது.

நோயாளிக்குச் சிரமம் அதிகமில்லை. ஒரு பையிலிருந்து வாயுவை உள்ளிழுத்து, பத்துப் பதினைந்து விநாடி மூச்சை அடக்க வேண்டும். எக்ஸ்ரே கதிர் எதுவும் இல்லை. சிலருக்குச் சற்றுத் தலை கிறுகிறுக்கும், சீக்கிரம் தெளிந்துவிடும். காற்று சென்ற இடமெல்லாம் படத்தில் வெளிச்சம். செல்லாத இடம் இருட்டு. இதைவிடப் பெரியது ஒன்று உண்டு. செனான் இரத்தத்தில் கரையக்கூடியது. காற்றில் இருக்கும்போதும், காற்றுப் பையின் சவ்வில் இருக்கும்போதும், சிவப்பணுவைச் சேர்ந்த பின்பும் அதன் குரல் வெவ்வேறாகக் கேட்கிறது. தண்ணீர் வயலுக்கு வந்ததோடு மண்ணில் ஊறியதா என்பதும் தெரிந்துவிடுகிறது. கோவிட் வந்து தேறிய பிறகும் மூச்சு வாங்கியவர்களை இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டு, ஷெஃபீல்டு மருத்துவர்கள் இவ்வாறு பரிசோதித்தபோது, சி.டி. ஸ்கேன் இயல்பாக இருந்த சிலரிடமும் அந்த ஊறுதல் குறைந்திருந்தது. அவர்கள் சொன்னது பொய்யில்லை என்று படமே சாட்சி சொன்னது.

வாயுவைச் சுவாசிக்கச் செய்து நுரையீரலை அளப்பது நமக்கு முற்றிலும் புதிதல்ல. 1915-ல் டென்மார்க்கின் மாரி குரோக் அம்மையார் மிகச் சிறிய அளவு கார்பன் மோனாக்சைடைக் கொண்டு இந்த ஊறுதலை அளந்தார். அதே வழி நம் பக்கத்து நோய் ஒன்றுக்கும் உதவியது. கும்பகோணம் பக்கம் யானைக்கால் நோய் பேர்பெற்றது. அதே கிருமி சிலருக்குக் காலுக்குப் பதில் நுரையீரலைத் தாக்கி, இரவில் இருமலும் இழுப்புமாக வரும். காசநோய் என்றும் ஆஸ்துமா என்றும் தவறாக நினைப்பார்கள். மதனப்பள்ளி ஆரோக்கியவரம் மிஷன் மருத்துவமனையில் பணியாற்றிய ஃப்ரிமட் மோலர், காசநோயைப் போலத் தோன்றினாலும் இரத்தத்தில் இயோசினோபில் அணுக்கள் மிகுந்திருந்த இத்தகையவர்களைக் குறித்து 1940-ல் எழுதினார். 1990-ல் சென்னைக் காசநோய் ஆராய்ச்சி மையத்தார் வாயுச் சோதனையால் இவர்களை அளந்து, காற்று இரத்தத்துக்குள் கடக்கும் திறன் குறைந்திருப்பதை வெளியிட்டார்கள். மூன்று வாரம் மாத்திரை சாப்பிட்டால் பெரும்பாலோர் தேறுகிறார்கள். ஆனால் சிலருக்குக் குறை முழுவதும் நீங்குவதில்லை.

இனி மூப்பர் ஐயாவின் கேள்வி. வாங்க வேண்டாம் என்றே எழுதினோம். காந்தக் கருவி மட்டும் போதாது. செனானின் குரலைக் கேட்கத் தனிச் சுருளும், வாயுவைத் தயார் செய்யும் லேசர் இயந்திரமும், அதை அறிந்த இயற்பியலாளரும் வேண்டும். தயாரித்த வாயுவைத் தூரத்திலிருந்து கொண்டுவரவும் முடியாது, சீக்கிரத்தில் வலுவிழந்துவிடும். சாதாரண எம்.ஆர்.ஐ.யிலேயே தூய ஆக்சிஜனைச் சுவாசிக்கச் செய்து படம் எடுக்கும் எளிய வழியும் உண்டு. 1996 முதல் ஆராய்ந்து வருகிறார்கள். நம் போன்ற இடங்களுக்கு முதலில் வரக்கூடியது அதுதான் என்பது நம் எண்ணம்.

அதுவரை வேறு வழி இருக்கிறது. ஸ்பைரோமீட்டரை ஒருமுறை ஊதவிட்டு அனுப்பிவிடாமல் ஆண்டுதோறும் அதே ஆளை ஊதச் செய்து ஒப்பிடலாம். ஆறு நிமிடம் நடக்கவிட்டு விரலில் ஆக்சிஜன் அளவைப் பார்க்கலாம். இயோசினோபில் எண்ணிக்கை பார்க்கச் செலவு சொற்பம். சந்தேகம் தீராதவர்களைக் கார்பன் மோனாக்சைடு சோதனை உள்ள பெரிய மருத்துவமனைக்கு அனுப்பலாம். பேருந்துக் கட்டணமும் ஒரு நாள் கூலியும் கொடுத்தால் போவார்கள், கொடுக்காவிட்டால் போகமாட்டார்கள்.

மூப்பர் ஐயாவிடமிருந்து பதில் வந்துவிட்டது. தம் சபையில் மில் வேலைக்குப் போகிறவர்கள் ஏழு பேர் இருக்கிறார்களாம். சம்பா நெல் அரவை ஓயும்வரை யாரும் ஒரு நாள்கூட விடமாட்டார்கள், ஓய்ந்ததும் தாமே வேனில் அழைத்து வருவதாக எழுதியிருக்கிறார்.