எலும்புக்குள் ஒரு நீர்க்கட்டி

பந்தை வீசியதற்கே கை எலும்பு முறியுமா? சில சிறுவர்களுக்கு முறிகிறது. ஊடுகதிர்ப் படம் எடுத்துப் பார்த்தால், தோளுக்கு அருகில் எலும்பினுள் நீர் நிறைந்த குழி ஒன்று தெரியும். இதுவே எலும்பு நீர்க்கட்டி. பெற்றோர் அஞ்சுவதுபோல் இது புற்றுநோயன்று; உடலின் வேறு பகுதிகளுக்குப் பரவாது. ஆனால், சுற்றியுள்ள எலும்பை முட்டை ஓடுபோல் மெலியச் செய்துவிடும்.

முன்பெல்லாம் அறுவைச் சிகிச்சை செய்து, கட்டியைச் சுரண்டி எடுத்து, குழியை வேறு எலும்புத் துண்டுகளால் நிரப்பினர். அப்படிச் செய்தும் கட்டி மீண்டும் வருவதுண்டு. இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகர மருத்துவர் ஆஸ்கர் ஸ்காலியெட்டி எளிய வழியொன்றைக் கையாண்டார். கட்டிக்குள் ஊசியைச் செலுத்தி, அதன்வழி ஸ்டீராய்டு மருந்தை ஏற்றினார். அதன் பலன்களை 1979இல் வெளியிட்டார்.

எலும்புக்குள் ஊசி எங்கே செல்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாது. ஆகவே, சிறுவனுக்கு மயக்க மருந்து கொடுத்தபின், மருத்துவர் ஊடுகதிர்த் திரையைப் பார்த்தவாறே ஊசியை நகர்த்துவார். முதலில் திரையில் தெளிவாகத் தெரியும் ஒரு திரவத்தைச் செலுத்துவார். அது குழி முழுவதும் பரவுகிறதா என்று பார்ப்பது முக்கியம். உள்ளே தடுப்புச் சுவர் இருந்தால் ஒரு பகுதிக்கு மருந்து எட்டாமல் போய்விடும்.

பலருக்கு ஒரே ஊசி போதாது. சில மாதங்கள் கழித்து மீண்டும் போட வேண்டியிருக்கும். குழியில் புதிய எலும்பு வளர்ந்து நிரம்பும்வரை முரட்டு விளையாட்டுகளைத் தவிர்க்க வேண்டும். ஊசி வலியைவிட இதுதான் சிறுவர்களுக்குக் கடினம்!